‘மாணவ வீரர்’ எனும் தொடர்: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சீர்திருத்த இயக்கங்கள் பற்றிய ஒரு நோக்கு

ஐக்கிய அமெரிக்காவின் கல்லூரி விளையாட்டுத் துறையில் ‘மாணவ வீரர்’ என்றொரு தொடர் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. கல்வியும் உடல்வலுவும் ஒருங்கே வாய்த்த இளைஞன் ஒருவனின் தோற்றத்தினை அது மனக்கண்முன் நிறுத்துகின்றது. இத்தொடரின் பிறப்பினை ஆராயுமிடத்து, நட்டஈட்டு வழக்குகளுக்கு அஞ்சிய நிருவாகிகளே 1950களின் நடுப்பகுதியில் இதனை ஆக்கிக்கொண்டனர் என்பது தெரியவரும். கல்லூரி விளையாட்டினைச் சீர்திருத்த முயன்றோரின் வரலாற்றை இத்தொடரைச் சுற்றியெழுந்த போராட்டமாக நோக்குவதே இக்கட்டுரையின் எண்ணம். (கல்லூரி என்பது இங்கு நம் நாட்டு வழக்கிற் போலப் பாடசாலையைக் குறியாது, பட்டப்படிப்பு நிறுவனத்தையே குறிக்கும்.)

கொலராடோ மாநிலத்தில் நிகழ்ந்த இரு வழக்குகளிலிருந்து தொடங்கலாம். டென்வர் பல்கலைக்கழகத்து உதைபந்தாட்ட வீரர் ஒருவர் பயிற்சியின்போது முதுகிற் காயமுற்றார். அவருக்கு உணவும், ரெனிஸ் ஆடுகளங்களைத் துப்புரவாக வைத்திருக்கும் வேலையும் பல்கலைக்கழகம் வழங்கியிருந்தது. அணியில் இருக்கும் வரையிலேயே அவ்வேலை. எனவே அவர் ஊழியரே என்றும் நட்டஈட்டுக்கு உரியவர் என்றும் 1953இல் மாநில உயர் நீதிமன்றம் தீர்த்தது. 1955இல் ரே டெனிசன் என்னும் வீரர் ஆட்டத்தில் தலையிற் பட்ட அடியால் இறந்தார். அவருடைய மனைவி தொழிலாளர் நட்டஈடு கோரினார். கல்லூரி உதைபந்தாட்டத் தொழில் நடத்தும் நிறுவனமன்று என்ற காரணத்தால் 1957இல் அதே நீதிமன்றம் கோரிக்கையை நிராகரித்தது. இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடைப்பட்ட காலத்திலேயே ‘மாணவ வீரர்’ பிறந்தார்.

இதனை நாம் ஊகித்துக் கூறவில்லை. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் நிறைவேற்றுப் பணிப்பாளராக 1951 முதல் 1987 வரை இருந்த வோல்ரர் பயர்ஸ், நட்டஈட்டு அபாயத்தை முறியடிக்கவே இத்தொடரைத் தாம் உருவாக்கி விதிகளெங்கும் புகுத்தியதாக 1995இல் வெளிவந்த தமது நூலில் ஒப்புக்கொண்டார். ஓய்வுபெற்றபின் வந்த இவ்வொப்புதல் வாக்குமூலத்தில், தாம் கட்டியெழுப்பிய அமைப்பினைப் பழைய அடிமைத் தோட்டங்களின் மனப்பாங்கோடு அவர் ஒப்பிட்டமை குறிப்பிடத்தக்கது. உணவும் உறைவிடமும் தருகிறோமே எனக் கூறிக் கூலியை மறுக்கும் தர்க்கத்தை, மலையகத் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றை அறிந்த நமக்கு விளக்கவேண்டியதில்லை.

‘மாணவ வீரர்’ என்பதன் பின்னே நிற்கும் கருத்துநிலை இன்னும் பழையது. பணம் பெறாது ஆடுபவனே தூய வீரன் என்ற அமெச்சூர்க் கோட்பாடு விக்ரோறியா கால இங்கிலாந்தின் கனவான்கள் கண்டது. ஹென்லி படகோட்டப் போட்டியில் 1879இல் வகுக்கப்பட்ட விதி, பரிசுப்பணம் பெற்றோரை மட்டுமன்றிக் கூலிக்கு உழைத்த கைவினைஞரையும் தொழிலாளரையும் விலக்கியது. கையால் உழைப்பவனது உடல் ஏற்கெனவே வலுப்பெற்றது, ஆதலால் போட்டி நியாயமற்றதாகும் என்று அதற்கு நியாயமும் கற்பிக்கப்பட்டது. இக்கருத்துநிலை பேரரசின் பாடசாலைகள் வழியாக உலகெங்கும் பரவியது. திரினிடாட்டில் அது தன்னை உருவாக்கியவாற்றையும், அதனை மீறி விளையாட்டு மக்களுடையதானவாற்றையும் சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1963இல் எழுதிய கிறிக்கற் நூல் ஒரு மார்க்சியனின் நுண்ணுணர்வோடு விளக்குகின்றது. விளையாட்டினை வெறும் மக்கள் மயக்கமருந்தாகக் கண்டு ஒதுக்கும் நம்மவர் சிலர் அந்நூலைப் படித்தல் நலம். யாழ்ப்பாணத்து ஆங்கிலப் பாடசாலைகளின் கிறிக்கற் மரபும் அதே ஊற்றிலிருந்து வந்ததே.

அமெரிக்காவின் முதற் சீர்திருத்தக்காரர் இக்கோட்பாட்டினை ஐயுறவில்லை. அதனை மீட்கவே முயன்றனர். 1905இல் உதைபந்தாட்டத்தில் இளைஞர் பலர் இறந்தமை பெரும் கண்டனத்தை எழுப்பவே, சனாதிபதி தியோடர் றூஸ்வெல்ற் ஹாவாட், யேல், பிறின்ஸ்ரன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அடுத்த ஆண்டு அமைக்கப்பட்ட சங்கமே 1910 முதல் இன்றைய பெயரைப் பெற்றது. 1929இல் கார்ணகி நிறுவனம் நூற்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை, பெரும்பாலானவை வீரர்களை மறைவாகப் பணங்கொடுத்துச் சேர்த்தமையை அம்பலப்படுத்தியது. உண்மைகளைத் தொகுத்த வகையில் அது பெறுமதியானது. ஆயினும் நோயினை ஒழுக்கக்கேடென்றே அது கண்டது. மைதானங்களைக் கட்டிச் சீட்டு விற்றுப் பணம் ஈட்டிய நிறுவனங்கள் குற்றவாளிகளாகாது, உணவுக்கும் உடைக்கும் பணம் வாங்கிய மாணவன் குற்றவாளியானான். பின்னர் சங்கம் நடத்திய விசாரணைகள் யாவற்றுக்கும் இப்பார்வையே அடிப்படை.

இந்நிலையை மாற்றியவர்கள் கறுப்பின வீரர்களாவர். சான் ஹொசே அரச கல்லூரியில் ஒருகாலத்தில் வீரராயிருந்து பின்னர் அங்கேயே சமூகவியல் கற்பித்தவர் ஹரி எட்வேட்ஸ். வளாகத்தில் கறுப்பின மாணவர்க்கு வாடகை வீடுகளும் மாணவர் கழகங்களும் மூடப்பட்டிருந்த நிலையை எதிர்த்து, 1967இல் பருவத்தின் முதல் உதைபந்தாட்டத்தைத் தடுக்கப்போவதாக அவரும் மாணவரும் அறிவித்தனர். ஆட்டம் கைவிடப்பட்டது. அப்போது கலிபோர்ணிய ஆளுநராயிருந்த றொனால்ட் றேகன் வெகுண்டார். எட்வேட்ஸ் கண்டறிந்தது மிக எளிமையான ஓர் உண்மை: வகுப்பறையிற் கறுப்பின மாணவர் இல்லாமையைப் பல்கலைக்கழகம் பொறுத்துக்கொள்ளும், மைதானத்தில் அவர்கள் இல்லாமையைப் பொறாது. அவ்வாண்டே தொடங்கிய மனித உரிமைகளுக்கான ஒலிம்பிக் செயற்றிட்டத்தின் விளைவே 1968 ஒக்ரோபர் 16ஆந் திகதி மெக்சிக்கோ மேடையில் உயர்ந்த இரு கறுப்புக் கையுறைகள். ரொமி ஸ்மித், ஜோன் கார்லோஸ் ஆகிய இருவரும் சான் ஹொசே மாணவர்களே. வறுமையின் குறியீடாகச் சப்பாத்தின்றிக் கறுப்புக் காலுறையோடு அவர்கள் நின்றமை பலராலும் மறக்கப்பட்டுவிட்டது. இரண்டாமிடம் பெற்ற அவுஸ்திரேலியர் பீற்றர் நோர்மனும் அவ்வியக்கத்தின் சின்னத்தை அணிந்து நின்றார்.

மறுவருடம் வயோமிங் பல்கலைக்கழகத்தில், கறுப்புக் கைப்பட்டி அணிந்து தம் பயிற்றுநரோடு பேசச் சென்ற 14 கறுப்பின வீரர்கள் அணியிலிருந்து உடனே விலக்கப்பட்டனர். எதிரணியை நடத்திய மோர்மன் திருச்சபை கறுப்பினத்தாருக்குக் குருத்துவத்தை மறுத்தமைக்கு எதிர்ப்புத் தெரிவிக்கலாமா என வினவவே அவர்கள் சென்றனர். பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்க ஐம்பது ஆண்டுகள் சென்றன.

இக்காலத்தின் வெள்ளையினத் தோழர்களுள் ஜக் ஸ்கொற் தனித்துக் கூறப்படவேண்டியவர். பயிற்றுநரின் எதேச்சாதிகாரமே கல்லூரி விளையாட்டின் மையப் பிரச்சினை என அவர் எழுதினார். 1972இல் ஓபர்லின் கல்லூரியின் விளையாட்டுப் பணிப்பாளரானதும் எழுதியதைச் செய்து பார்த்தார். பயிற்றுநரைத் தெரிவதில் வீரர்க்கும் குரல் கொடுத்தார். மெக்சிக்கோவின் பின் வேலைவாய்ப்புகள் அடைபட்டிருந்த ரொமி ஸ்மித்தைப் பயிற்றுநராக நியமித்தார். 1974இல் அவர் விலகினார்; அவரை நியமித்த தலைவரின் பதவிக்காலமும் அவ்வாண்டுடன் முடிந்தது. தாராண்மைத் தலைவர் ஒருவரின் ஆதரவில் நின்ற சீர்திருத்தம் அவரோடு போயிற்று என்பதே நமது கணிப்பு. அமைப்பாக ஒன்றுதிரண்ட வீரர்கள் அங்கு இருக்கவில்லை.

மாறாக மறுதரப்பு அமைப்பாகவே இயங்கியது. 1973இல் சங்கம் நான்காண்டுப் புலமைப்பரிசிலை ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டிய ஒன்றாக மாற்றியது. செலவுக்குறைப்பு என்றும் தரம் என்றும் காரணங்கள் கூறப்பட்டன. ஆயினும் கிளர்ச்சி செய்பவனை, காயமுற்றவனை, பயிற்றுநரோடு முரண்படுபவனை ஆண்டிறுதியில் அமைதியாக நீக்கும் வசதியை அது அளித்தது. 2012 வரையில் பலவாண்டுப் புலமைப்பரிசில் மீண்டும் அனுமதிக்கப்படவில்லை. 1974இல் ரெக்சாஸ் கிறித்தவப் பல்கலைக்கழக வீரர் கென்ற் வோல்ட்றெப் ஆட்டத்தில் கழுத்து முறிந்து உடல் செயலிழந்தார். தொழிலாளர் நட்டஈட்டுக்கான அவரது வழக்கு, அவர் ஊழியரல்லர் என்ற முடிவோடு 2000ஆம் ஆண்டில் முற்றுப்பெற்றது. டெனிசனின் மனைவிக்குக் கூறிய பதில், நாற்பதாண்டுக்குப் பின்னும் அதே பதில்.

இதனிடையே கல்லூரி உதைபந்தாட்டத் தொழில் நடத்தவில்லை என்ற வாதம் நகைப்புக்கிடமாகிவிட்டது. ஆண்கள் கூடைப்பந்தாட்டச் சுற்றுப்போட்டியின் ஒளிபரப்பு உரிமையைச் சங்கம் 2010இல் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டொலருக்கு விற்றது. பெரும்பாலான மாநிலங்களில் மிகக்கூடிய ஊதியம் பெறும் அரச ஊழியர் ஒரு விளையாட்டுப் பயிற்றுநராவார். இவ்வாறு ஈட்டப்படும் உபரியின் பெரும்பகுதியை உருவாக்கும் இரு விளையாட்டுக்களிலும் கறுப்பின இளைஞரின் பங்கு மிகப் பெரிது.

புதிய தலைமுறைச் சீர்திருத்தக்காரர் இவ்விடத்திலிருந்தே தொடங்கினர். கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்து வீரரான றமோகி ஹூமா, உணவுப்பொருட்களை ஏற்றமைக்காகத் தம் அணித்தோழர் ஒருவர் இடைநிறுத்தப்பட்டதைக் கண்டு வீரர்களை அணிதிரட்டினார். 2001 முதல் உருக்குத் தொழிலாளர் சங்கத்தின் துணையோடு அவரது அமைப்பு இயங்கியது. 2014இல் நோத்வெஸ்ரேண் பல்கலைக்கழக உதைபந்தாட்ட அணியினர், கெயின் கோல்ரரின் முன்னிலையில், தொழிற்சங்கம் அமைக்க மனுச்செய்தனர். பருவகாலத்தில் வீரர்கள் வாரத்துக்கு 40 முதல் 50 மணித்தியாலம் உழைப்பதைக் கணக்கிட்ட தேசியத் தொழில் உறவுகள் சபையின் பிராந்தியப் பணிப்பாளர், அவர்கள் ஊழியரே எனத் தீர்மானித்தார். ஏப்பிரலில் வீரர்கள் வாக்களித்தனர். பெட்டிகள் முத்திரையிடப்பட்டன. 2015 ஓகஸ்ற்றில் சபை இவ்விடயத்தில் தலையிட மறுத்தமையால் அவ்வாக்குகள் எண்ணப்படவேயில்லை. அவர்கள் ஊழியரா அல்லரா என்பதற்குச் சபை விடை கூறவுமில்லை.

மூன்று மாதங்களின் பின் மிசூரிப் பல்கலைக்கழகத்தில், எட்வேட்ஸ் கண்ட உண்மை மறுபடி மெய்ப்பிக்கப்பட்டது. இனவாத நிகழ்வுகள் பற்றிய மாணவர் முறைப்பாடுகளும், பட்டமேற்படிப்பு மாணவர் ஒருவரின் உண்ணாவிரதமும் அசைக்காத நிருவாகத்தை, கறுப்பின உதைபந்தாட்ட வீரர்கள் ஆடமறுத்தமை இரு நாட்களில் அசைத்தது. ஆட்டம் நடைபெறாவிடின் பல்கலைக்கழகம் பத்து இலட்சம் டொலர் கட்டவேண்டியிருந்தது. 2015 நவம்பர் 9ஆந் திகதி தலைவர் பதவி துறந்தார். வேலைநிறுத்தம் செய்யும் வீரரின் புலமைப்பரிசிலைப் பறிக்கும் சட்டமூலம் ஒன்று அடுத்த மாதமே மாநிலச் சட்டசபைக்கு வந்து, கண்டனத்தால் மீளப்பெறப்பட்டது. ஊழியரல்லாதோரின் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்ய முற்படும் முரண்பாடு அதனை வரைந்தோர்க்குத் தோன்றவில்லை போலும்.

வெற்றிகள் வேறு திசையில் வந்தன. தம் சாயல் கணினி விளையாட்டொன்றில் விற்கப்படுவதைக் கண்ட முன்னாள் கூடைப்பந்தாட்ட வீரர் எட் ஒபனன் 2009இல் தொடுத்த வழக்கு, போட்டிச் சந்தைச் சட்டத்தின்கீழ் நடந்தது. அவ்வழியே 2021 யூன் மாதத்தில் சமஷ்டி உயர் நீதிமன்றம், கல்வி சார்ந்த உதவிகளுக்குச் சங்கம் விதித்த வரம்புகளை ஏகமனதாகத் தள்ளியது. யூலை 1 முதல் வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்கு விற்கலாயினர். 2025 யூனில் அங்கீகரிக்கப்பட்ட உடன்பாடு முன்னைய வீரர்க்கு ஏறத்தாழ 280 கோடி டொலரும், அதன் பின்னர் பல்கலைக்கழகமொன்று முதலாண்டில் ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் டொலர் வரை வீரர்க்குப் பகிரும் உரிமையும் அளித்தது. அமெச்சூர்க் கோட்பாடு நடைமுறையில் இறந்துவிட்டது எனலாம்.

இம்மாற்றத்தைக் குறைத்து மதிப்பிடுதல் கூடாது. வறிய குடும்பத்து இளைஞனுக்கு அப்பணம் உண்மையான பணம். எனினும் உழைப்பாளியாக அங்கீகாரம் கேட்டவன் தன் சாயலை விற்கும் சிறுவியாபாரியாகவே ஏற்கப்பட்டான். சந்தையில் விலைபோகும் சிலருக்கும் ஏனையோருக்கும் இடையே புதிய பிளவு தோன்றியுள்ளது. உடன்பாட்டின் நிலுவைத் தொகையிற் பெரும்பகுதி ஆண்கள் அணிகளுக்கே செல்வதால், 1972ஆம் ஆண்டுச் சமவாய்ப்புச் சட்டத்தை முன்வைத்துப் பெண் வீரர்கள் மேன்முறையீடு செய்தனர். கூட்டுப்பேரம் பேசும் உரிமை மட்டும் கிடைக்கவில்லை. 2024 மார்ச்சில் டாட்மத் கல்லூரிக் கூடைப்பந்தாட்ட வீரர்கள் 13க்கு 2 என்ற வாக்குகளால் தொழிற்சங்கத்தில் இணைந்தனர். கல்லூரி பேச மறுத்தது. சபையின் அமைப்பு மாறவிருந்த நிலையில் பாதகமான தீர்ப்புக்கு அஞ்சி, அவ்வாண்டின் இறுதி நாளில் மனு மீளப்பெறப்பட்டது.

காயமுற்ற உடலின் விடயமோ இன்னும் சில்லறையாகவே கவனிக்கப்படுகின்றது. 2024 ஓகஸ்ற் முதல், முதற்பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டிற் பட்ட காயங்களுக்கு, வீரர் வெளியேறிய பின்னரும் இரு ஆண்டுகளுக்கு மருத்துவச் செலவை ஏற்கவேண்டும் என்பது சங்கத்தின் விதி. உதைபந்தாட்டத்தில் மீண்டும் மீண்டும் தலையிற் படும் அடிகளால் வரும் மூளைச்சிதைவு நோயின் அறிகுறிகள் பெரும்பாலும் பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படுகின்றன.