மின்மோட்டார்ச் சைக்கிளும் அதனை நிறுத்தும் முறையும்

வண்டி ஒன்றின் சிறப்பைப் பேசுவோர் முதலில் அதன் வேகத்தையே பேசுவர். எத்துணை விரைவாக ஓடும், ஒருமுறை மின்னூட்டினால் எவ்வளவு தூரம் செல்லும், மேட்டுத் தெருவில் இளைக்காமல் ஏறுமா என்றெல்லாம் வினவுவர். எத்துணை விரைவாக நிற்கும் என்னும் வினா பெரும்பாலும் கடைசியாகவே வரும். சில வேளைகளில் விபத்து நேர்ந்த பின்னரே வரும். மின்சாரத்தால் ஓடும் மோட்டார்ச் சைக்கிளின் வரலாறும் இதற்கு விலக்கன்று. ஆயினும் அவ்வண்டியை நாள்தோறும் ஓட்டியவர்களே அந்தக் கடைசி வினாவை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்கள் கூறிய கருத்துக்களையும், அக்கருத்துக்களின் பின்னே நிற்கும் இயக்கவியல் உண்மைகளையும் நேயர்களுக்கு எடுத்துக் கூறுவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2006 ஆம் ஆண்டிலே நீல் சைக்கி என்னும் பொறியியலாளர் ‘சீரோ’ என்ற மின்மோட்டார்ச் சைக்கிள் நிறுவனத்தைத் தொடங்கினார். 2009 இல் அந்நிறுவனத்தின் தெருவில் ஓட்டத்தக்க வண்டி வெளிவந்தது. அது ஏறத்தாழ 100 கிலோகிராம் நிறையே உடையது; பாரமான துவிச்சக்கர வண்டி என்று சொல்லத்தக்க அளவுக்கு மெலிந்த உடல் அதற்கு. அதே 2009 இல், மோட்டார்ச் சைக்கிள் ஓட்டப்பந்தயத்துக்குப் பேர்போன மான் தீவிலே மின்வண்டிகளுக்கெனத் தனிப் பந்தயம் ஒன்று முதன்முறையாக நடைபெற்றது. அதில் வென்ற வண்டியின் சராசரி வேகம் மணிக்கு 87 மைல். 2012 இல் வென்ற வண்டி மணிக்கு 100 மைல் என்னும் எல்லையைத் தாண்டியது. 2019 இல் வென்ற வண்டியோ மணிக்கு 121 மைலையும் கடந்தது. பத்தே ஆண்டுகளில் வேகம் பற்றிய ஐயம் தீர்ந்துபோயிற்று. ஆனால், ஓட்டும் ஆற்றல் வளர்ந்த அதே அளவில் நிறுத்தும் ஆற்றலும் வளர்ந்ததா?

தொடக்க ஆண்டுகளில் இவ்வண்டிகளை வாங்கியோர் ஏமாற்றமடைந்தவர்கள் அல்லர். மோட்டாரின் இழுவையையும், ஓசையின்மையையும், பராமரிப்புச் செலவு குறைந்தமையையும் அவர்கள் மனமாரப் புகழ்ந்தனர். ஆனால் புகழ்ச்சியோடு ஒரு குறையையும் சேர்த்தே கூறினர். மோட்டாருக்கும் மின்கலத்துக்கும் செலவிட்ட கவனம், அதிர்வு தாங்கும் பாகங்களிலும் ரயர்களிலும் பிறேக்கிலும் செலவிடப்படவில்லை என்பதே அக்குறை. இவ்விலைக்குப் பெற்றோல் வண்டி வாங்கினால் இதனினும் சிறந்த பிறேக் கிடைக்கும் என்று அவர்கள் ஒப்பிட்டனர். அந்த ஒப்பீட்டில் நியாயம் இருந்தது. 2015 ஆம் ஆண்டு மாதிரிகளில் சீரோ நிறுவனம் செய்த மாற்றங்களைப் பார்த்தால், அவை அக்குறைகளுக்கு வரிசையாக அளித்த மறுமொழி போலவே தோன்றும். ஜப்பானின் ‘சோவா’ நிறுவனத்தின் அதிர்வுதாங்கிகள், இத்தாலியின் ‘பிரெல்லி’ ரயர்கள், ஜெர்மனியின் ‘பொஷ்’ நிறுவனம் ஆக்கிய ஏ. பீ. எஸ். என்னும் சில்லு இறுகாமற் காக்கும் பிறேக் முறை ஆகிய மூன்றும் அவ்வாண்டில் ஒருங்கே சேர்க்கப்பட்டன.

இம்மூன்றினுள் ஏ. பீ. எஸ். பற்றியே ஓட்டுநர்களிடையே கருத்து வேற்றுமை நிலவியது. பல ஆண்டு அனுபவம் உடைய சிலர், என் கைவிரல்களே எனக்குப் போதிய காவல், இயந்திரத்தின் உதவி எதற்கு என்றனர். மண்பாதையிலும் சரளைக்கல்லிலும் ஓட்டுவோர், அவ்விடங்களில் இம்முறை வண்டியை நிறுத்தும் தூரத்தைக் கூட்டிவிடும், ஆதலால் வேண்டும்போது அதனை நிறுத்திவைக்கும் வசதி தேவை என்றனர். இக்கூற்று முற்றிலும் பிழையன்று; தளர்ந்த மண்ணில் இறுகிய சில்லு தனக்கு முன்னே மண்ணைக் குவித்து, அக்குவியலாலேயே தடைபெறுவதுண்டு. வேறு சிலரோ, மழைநாளில் வாகன நெருக்கடியினூடே தொழிலுக்குச் செல்லும் தமக்கு இதனிலும் மேலான காவல் இல்லை என்றனர்.

இவ்வழக்கைத் தீர்ப்பதற்கு முதலில் பிறேக்கின் இயல்பை அறிதல் வேண்டும். ஓடும் வண்டியைத் தடுக்கும்போது சடத்துவத்தினால் அதன் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. முன்சில்லு நிலத்தை அழுத்திப் பற்றுகிறது, பின்சில்லு இலேசாகிறது. வன்மையாகத் தடுக்கும்போது வண்டியை நிறுத்தும் விசையில் 70 வீதத்துக்கும் மேற்பட்ட பங்கு முன்சில்லின் வழியாகவே கிடைக்கிறது. ஆகவே முன்பிறேக்கைத் தொட அஞ்சிப் பின்பிறேக்கை மாத்திரம் மிதிப்பவர், தம் வண்டியின் தடுக்கும் ஆற்றலிற் பெரும்பகுதியைப் பயன்படுத்தாமலே விடுகிறார். ஆனால் அந்த அச்சத்துக்கும் காரணம் உண்டு. முன்சில்லு இறுகிச் சுழலாது நின்றுவிட்டால், மோட்டார்ச் சைக்கிள் தன் சமநிலையைக் கணப்பொழுதில் இழந்து விழும். கார் சறுக்கினாலும் நான்கு சில்லில் நிற்கும். இருசில்லு வண்டிக்கு அந்தச் சலுகை இல்லை.

ஏ. பீ. எஸ். இவ்விடத்திலேதான் துணைக்கு வருகிறது. ஒவ்வொரு சில்லிலும் பற்கள் கொண்ட வளையம் ஒன்றும், அதன் சுழற்சியைக் கணிக்கும் உணரி ஒன்றும் உள்ளன. சில்லு திடீரென வேகங் குறைந்து இறுகப்போகிறது என்பதை அவ்வுணரி காட்டியவுடன், பிறேக் எண்ணெயின் அமுக்கம் சற்றே தளர்த்தப்படுகிறது. சில்லு மீண்டும் சுழன்றதும் அமுக்கம் கூட்டப்படுகிறது. ஒரு செக்கனுக்குள் இது பன்முறை நிகழும். கைதேர்ந்த ஓட்டுநர் ஒருவர் உலர்ந்த மைதானத்தில், முன்னரே ஆயத்தமாக இருந்து நிறுத்தும்போது, இம்முறையை ஒத்த திறமையைக் காட்டக்கூடும். ஆனால் சந்தியில் குறுக்கே பாயும் முச்சக்கர வண்டி முன்னறிவித்தலோடு வருவதில்லை. திகைப்பில் இறுகப் பற்றும் கைக்கு அனுபவம் உதவுவது அரிது. மோட்டார்ச் சைக்கிளில் மின்னணு முறையிலான ஏ. பீ. எஸ். 1988 இலேயே பீ. எம். டபிள்யூ. நிறுவனத்தால் அறிமுகஞ் செய்யப்பட்டது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவகம், இம்முறை பூட்டிய வண்டிகளையும் பூட்டாத அதே வகை வண்டிகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தது. பூட்டிய வண்டிகளில் உயிர்ச்சேதம் விளைக்கும் விபத்துக்களின் வீதம், 2013 இல் வெளியான ஆய்வின்படி 31 வீதமும், பின்னர் நடந்த ஆய்வின்படி 22 வீதமும் குறைவாகக் காணப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 125 கன சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு 2016, 2017 ஆம் ஆண்டுகளிலும், இந்தியா 2018, 2019 ஆம் ஆண்டுகளிலும் இதனைக் கட்டாயமாக்கின. எனவே வழக்கின் தீர்ப்பு பெரும்பாலும் கூறப்பட்டுவிட்டது என்றே கொள்ளலாம்.

இனி, மின்வண்டிக்கே உரிய மற்றொரு தடுப்பைப் பற்றிப் பார்ப்போம். மின்மோட்டாரைச் சுழற்ற மின்சாரம் வேண்டும். அதே மோட்டாரைச் சில்லு சுழற்றினால் அது மின்பிறப்பாக்கியாக மாறி மின்சாரத்தைத் தரும். கைப்பிடி முறுக்கைத் தளர்த்தியவுடன் வண்டி தானே வேகங் குறைவதும், அப்பொழுது மின்கலத்துக்குச் சிறிது மின் திரும்புவதும் இதனாலேயே. 2007 அளவில் சந்தைக்கு வந்த ‘வெக்ரிக்ஸ்’ என்னும் மின் ஸ்கூட்டரில் கைப்பிடியை எதிர்ப்புறமாக முறுக்கினால் இத்தடுப்பு வலுப்பெறும்படி அமைத்திருந்தனர். பின்வந்த வண்டிகள் பலவற்றில் தடுப்பின் அளவை ஓட்டுநரே தெரிந்து அமைத்துக்கொள்ள வசதி உண்டு.

இதனைக் குறித்தும் ஓட்டுநர்கள் இருவகையாகப் பேசினர். பெற்றோல் வண்டியில் பழகியவர்கள், எஞ்சின் தரும் இயல்பான தடையைப் போல இது கைக்கு இதமாக உள்ளது, பிறேக் கட்டைகளும் நெடுநாள் தேயாதிருக்கின்றன என்று மகிழ்ந்தனர். மற்றையோர், வண்டி தன் போக்கில் வழுக்கிச் செல்வதே மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்றனர். இவ்விடத்தில் கணக்கு நமக்கு உதவும். வண்டியும் ஓட்டுநருமாக 250 கிலோகிராம் நிறை, மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்கிறதென வைத்துக்கொள்வோம். அதன் இயக்கசக்தி முழுவதையும் சிந்தாமற் சேகரித்தாலும் கிடைப்பது 10 வாற்று மணிக்குச் சற்றுக் குறைவே. கிலோமீற்றருக்கு 50 வாற்று மணி செலவிடும் வண்டி அதனைக் கொண்டு 200 மீற்றர் தூரமும் செல்லாது. ஆகவே இத்தடுப்பின் பெரும் பயன் மின்சேமிப்பு அன்று. வேகத்தை அளவோடு ஆள்வதே அதன் பயன்.

அப்படியாயின் இதனையே பிறேக்காகக் கொள்ளலாமா என்று கேட்பீர்கள். கொள்ளலாகாது. அதற்குக் காரணங்கள் நான்கு. முதலாவது, மோட்டார் பின்சில்லோடு மாத்திரமே தொடுக்கப்பட்டிருத்தலால் இத்தடுப்பு பின்சில்லில் மாத்திரமே நிகழும். அவசர வேளையில் முன்சில்லே நிறுத்தவல்லது என்பதை மேலே கண்டோம். இரண்டாவது, வழுவழுப்பான ஈரத்தெருவில் இத்தடுப்பை மிகுதியாக வைத்துக்கொண்டு கைப்பிடியைச் சடுதியாக விட்டால், பாரங் குறைந்த பின்சில்லு சறுக்கக்கூடும். மூன்றாவது, மின்கலம் நிறைந்திருக்கும்போது திரும்பிவரும் மின்னை ஏற்க அதற்கு இடமில்லை; அப்பொழுது இத்தடுப்பு குறையும் அல்லது அற்றுப்போகும். நுவரெலியா போன்ற மலையூரில் இரவு முழுதும் மின்னூட்டிவிட்டுக் காலையில் கீழிறங்கத் தொடங்கும் ஒருவர், நேற்று மாலை உதவிய தடுப்பு இன்று உதவவில்லையே என்று முதல் வளைவிலே திகைக்க நேரும். நான்காவது, வேகம் மிகக் குறைந்த நிலையில் இதன் வலி தேய்ந்துவிடும். வண்டியை முற்றாக நிறுத்தப் பிறேக்கே வேண்டும்.

பின்னால் வருவோரைப் பற்றியும் ஒரு சொல். சில வண்டிகளில் பிறேக் நெம்பைத் தொட்டால்தான் பின்விளக்கு சிவந்து ஒளிரும். மோட்டாரின் தடுப்பினால் மாத்திரம் வேகங் குறைந்தால், பின்வரும் பஸ் சாரதிக்கு அது தெரியாது. ஆதலால் அனுபவசாலிகள், கைப்பிடியைத் தளர்த்தும்போதே பிறேக் நெம்பையும் மெல்லத் தொட்டு விளக்கை ஒளிரச் செய்கின்றனர். சிறிய பழக்கந்தான், ஆயினும் உயிர் காக்கும் பழக்கம்.

ஏ. பீ. எஸ். வந்ததோடு யாவும் நிறைவுற்றுவிடவில்லை. வளைவில் சாய்ந்து செல்லும் வண்டியில் வன்மையாகத் தடுத்தால், ரயரின் பிடி இரு வேலைகளுக்குப் பங்கிடப்பட்டுப் போதாமற் போகும். இக்குறையை நோக்கியே 2019 இல் வெளிவந்த சீரோ எஸ். ஆர். எவ். என்னும் வண்டியில், சாய்வின் அளவையும் கணித்துப் பிறேக்கை ஆளும் முறையும், மோட்டாரின் தடுப்பினால் பின்சில்லு சறுக்காமற் காக்கும் முறையும் சேர்க்கப்பட்டன. ஆனால் அவ்வண்டியின் நிறை ஏறத்தாழ 220 கிலோகிராம். 2009 இன் வண்டியைப்போல இருமடங்குக்கும் மேல். தூரம் வேண்டுமெனில் பெரிய மின்கலம் வேண்டும். பெரிய மின்கலம் எனில் பாரம். பாரம் எனில் வலிய பிறேக். ஓட்டுநர்கள் நெடுந்தூர வண்டியைக் கேட்டபோது, அதனோடு சேர்ந்து இந்தக் கடனும் வந்தது.

நம் நாட்டுக்கு இப்பொருள் தொலைவானதன்று. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு நேர்ந்து, மோட்டார்ச் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று பெற்றோல் பங்கிடப்பட்டபோது, வரிசையில் நின்ற பலர் மின்வண்டியை எண்ணிப் பெருமூச்செறிந்ததை நாம் மறக்கவில்லை. அவ்வெண்ணம் நல்லதே. ஆனால் வாங்கச் செல்பவர், விலையையும் தூரத்தையும் கேட்ட அதே வாயால் வேறு சில வினாக்களையும் கேட்டல் வேண்டும். இரு சில்லுக்கும் எவ்வகைப் பிறேக்? சில்லு இறுகாமற் காக்கும் முறை உண்டா? இல்லையெனில், ஒரு நெம்பை அழுத்த இரு சில்லும் ஒருங்கே தடைபெறும் இணைப்பு முறையேனும் உண்டா? மோட்டார் தடுக்கும்போது பின்விளக்கு ஒளிருமா? ரயர் எத்தகையது? விற்போர் இவ்வினாக்களுக்கு விடை கூறப் பழகுவது, வாங்குவோர் அவற்றைக் கேட்கப் பழகும்போதுதான்.

வாங்கிய பின்னர் செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. ஆளற்ற, நேரான, உலர்ந்த தெருவொன்றில் முன்பிறேக்கைச் சிறிது சிறிதாகக் கூட்டி அழுத்திப் பழகுதல் வேண்டும். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் நல்ல பிறேக் பிடித்த பின் 5 மீற்றரில் நிற்கும் வண்டிக்கு, 60 கிலோமீற்றர் வேகத்தில் 20 மீற்றர் வேண்டும். வேகம் இருமடங்காகத் தூரம் நான்மடங்காகும். இதற்கு முன்னே, ஆபத்தைக் கண்டு கை அசைவதற்குள் கழியும் ஒரு செக்கனில், அவ்வேகத்தில் மேலும் 16 மீற்றருக்கு மேல் ஓடிவிடும். மின்வண்டி ஓசையின்றி வருவதால் தெருவைக் கடப்போர் அதனைக் கேளாமலும் இருப்பர்; ஆகவே அந்த ஒரு செக்கன் இங்கே இன்னும் அருமையானது. எந்தப் பொறியும் அந்தச் செக்கனை நமக்கு மீட்டுத் தராது. வேகத்தை அளவோடு வைத்து, கண்ணைத் தெருவிலும் விரலைப் பிறேக்கிலும் வைத்திருப்பவருக்கே பொறியியலாளரின் திறமை முழுப்பயன் தரும்.