பன்றிப்பட்டணத்துப் பந்து மைதானம்

கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லத்தக்க பேஸ்பால் ஆட்டத்தின் மீது அமெரிக்க ஜனங்களுக்குள்ள மோகம் உலகப் பிரசித்தமானது. அந்நாட்டில் அந்த ஆட்டத்துக்கென்று எழுந்த மைதானங்கள் எத்தனையோ, இடிந்தவையும் எத்தனையோ. ஆயினும் நியூயார்க்கைச் சேர்ந்த ப்ரூக்ளினில் 1960-ம் வருஷம் இடிக்கப்பட்ட எப்பெட்ஸ் மைதானத்தைப் போல் அவ்வளவு பேரைக் கண் கலங்க வைத்தது வேறொன்று உண்டா என்பது சந்தேகமே.

சார்லஸ் எப்பெட்ஸ் என்பவர் 1883-ல் ப்ரூக்ளின் ஆட்டக் கோஷ்டியில் டிக்கெட் விற்கும் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். படிப்படியாக உயர்ந்து அக்கோஷ்டிக்கே எஜமானரானார். ப்ரூக்ளின் அப்போது தனி நகரம். 1898-ல்தான் நியூயார்க்குடன் இணைந்தது. இணைந்தும் அதன் ரோஷம் இணையவில்லை. அவ்வூர்த் தெருக்களில் டிராம் வண்டிகளுக்குத் தப்பி ஓடுவதே ஜனங்களுக்கு நித்திய வேலையாயிருந்தது. அதையே வைத்துக் கோஷ்டிக்கு 'டாட்ஜர்ஸ்', அதாவது 'தப்பி ஓடுகிறவர்கள்', என்ற பெயர் வந்தது.

எப்பெட்ஸ் தம் மைதானத்துக்காகத் தேர்ந்த இடம், 'பன்றிப்பட்டணம்' என்று ஜனங்கள் வைத பிரதேசம். ஊர்க் குப்பை வந்து சேரும் பள்ளம் அது. வாங்குகிறவர் இன்னார் என்று தெரிந்தால், ஒரு குழி நிலத்துக்கு ஒரு வேலி விலை சொல்லி விடுவார்கள் அல்லவா? ஆகவே வேறொரு கம்பெனியின் பெயரால், 1908 முதல் துண்டு துண்டாக இரகசியமாக வாங்கினார். கட்டடத்துக்குப் பணம் போதவில்லை. மக்கீவர் சகோதரர்கள் என்ற கண்டிராக்டர்களுக்குக் கோஷ்டியில் பாதிப் பங்கை விற்று வேலையை முடித்தார்.

1913 ஏப்ரலில் மைதானம் திறக்கப்பட்டது. வாசல் மண்டபத்தில் இத்தாலியச் சலவைக்கல்; கூரையிலிருந்து தொங்கிய சரவிளக்கின் கிளைகள் மட்டைகளாகவும், விளக்குகள் பந்துகளாகவும் அமைந்திருந்தன. இத்தனையும் செய்தவர்கள் கொடியேற்று விழாவுக்குக் கொடியைக் கொண்டுவர மறந்து விட்டார்களாம்! பத்திரிகை நிருபர்களுக்குத் தனி இடம் வைக்கவும் மறந்து விட்டார்கள். முதல் பிழையை ஊரார் மன்னித்திருக்கலாம். இரண்டாவதை நிருபர்கள் மன்னித்திருக்க மாட்டார்கள்.

மைதானம் சிறியது. பிற்காலத்தில் விஸ்தரித்தும் சுமார் 32,000 பேருக்குத்தான் இடம் இருந்தது. வலப்புறம் பெட்போர்டு அவென்யூ குறுக்கிட்டதால் அங்கே ஆசனமே போட முடியவில்லை. உயர்ந்த சுவர் ஒன்றுதான் நின்றது. அதைத் தாண்டி விழும் பந்துக்காகத் தெருவில் சிறுவர்கள் தவம் கிடப்பார்கள். அச்சுவரின் அடியில் ஏப் ஸ்டார்க் என்ற துணிக்கடைக்காரரின் விளம்பரப் பலகை. அதன்மேல் பந்தை அடிப்பவருக்கு ஒரு 'சூட்' இனாம்! பலகைக்கு முன்னாலேயே எதிர்க் கட்சியின் ஆட்டக்காரர் பந்தைப் பிடிக்க நிற்பாராகையால், கடைக்காரருக்கு அதிக நஷ்டம் ஏற்பட்டிராது. அவர் பின்னாளில் ப்ரூக்ளின் பகுதியின் தலைவராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இடம் குறுகியதனால் ஆட்டக்காரருக்கும் பார்க்கிறவருக்கும் இடைவெளி இல்லை. ஹில்டா செஸ்டர் என்ற மாதரசி மாட்டு மணியை ஆட்டிக்கொண்டு கூச்சலிடுவதை ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் கேட்டாக வேண்டும். அபிமானிகள் சிலர் சேர்ந்து அபஸ்வரமே லட்சணமான பாண்டு வாத்தியம் ஒன்றையும் நடத்தினார்கள்.

இந்த நெருக்கத்துக்கு நடுவில்தான் 1947 ஏப்ரல் 15-ந் தேதி ஜாக்கி ராபின்ஸன் என்ற 28 வயது நீக்ரோ வீரர் காலடி வைத்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அமெரிக்காவின் பெரிய கோஷ்டிகளில் கறுப்பருக்கு இடமில்லை. சட்டம் ஒன்றும் அப்படிச் சொல்லவில்லை. முதலாளிகள் வாய் திறவாமல் காத்து வந்த கட்டுப்பாடு அது. டாட்ஜர்ஸ் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி அதை உடைக்கத் துணிந்தார். யார் எப்படி வைதாலும் திருப்பித் தாக்குவதில்லை என்று ராபின்ஸனிடம் முன்னதாகவே வாக்கு வாங்கிக்கொண்டார்.

அந்த வாக்குக்குச் சோதனை ஒரு வாரத்திலேயே வந்தது. பிலடெல்பியா கோஷ்டியார் இதே மைதானத்துக்கு வந்து, தங்கள் மானேஜரின் தலைமையிலேயே, காது கொடுத்துக் கேட்க முடியாத நிற வசைகளை ராபின்ஸன் மீது பொழிந்தார்கள். அவர் பதில் பேசவில்லை. பேசினவர் எட்டி ஸ்டாங்கி என்ற வெள்ளைக்காரச் சகா. பதில் சொல்ல முடியாதவனை வைகிறீர்களே என்று அவர்களை நோக்கிச் சீறினார். எதிராளியின் வசை, கோஷ்டியை ராபின்ஸனுக்குப் பின்னால் ஒன்று சேர்த்துவிட்டது. அவ்வருஷத்தின் சிறந்த புது வீரர் என்ற விருதும் அவருக்கே கிடைத்தது. பிறகு ராய் காம்பனெல்லா முதலிய கறுப்பு வீரர்களும் வந்து சேர்ந்தார்கள்.

ஆனால் அமெரிக்கச் சாம்பியன் பட்டம் மட்டும் கைக்கு எட்டவில்லை. 1916 முதல் 1953 வரையில் ஏழு முறை இறுதிப் போட்டிக்குப் போய் ஏழு முறையும் தோல்வி! "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பதே ப்ரூக்ளினின் தாரக மந்திரமாயிற்று. 1955-ல் அந்த 'அடுத்த வருஷம்' வந்தது. யாங்கீஸ் கோஷ்டியை, அவர்களுடைய மைதானத்திலேயே கடைசி ஆட்டத்தில் வென்றபோது, ஊர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது.

இரண்டே வருஷத்தில் எல்லாம் தீர்ந்தது. அப்போதைய எஜமானர் வால்ட்டர் ஓமாலிக்கு மைதானம் போதவில்லை. புறநகர்களில் குடியேறியவர்கள் மோட்டாரில் வந்தார்கள். இங்கோ சுமார் 700 கார்களுக்குத்தான் இடம். அட்லாண்டிக், பிளாட்புஷ் அவென்யூக்கள் கூடும் இடத்தில் நிலத்தைச் சர்க்கார் ஆர்ஜிதம் செய்து தந்தால், சொந்தச் செலவில் புது மைதானம் கட்டுவதாகச் சொன்னார். நகர நிர்மாணத்தில் சர்வாதிகாரி போல் விளங்கிய ராபர்ட் மோஸஸ் அதற்கு இணங்கவில்லை. குவீன்ஸ் பகுதியிலுள்ள பிளஷிங் மெடோஸில் இடம் தருகிறேன் என்றார். அது ப்ரூக்ளின் அல்லவே என்றார் ஓமாலி. ஆனால் அவர் கடைசியில் கோஷ்டியைக் கொண்டு போனதோ மூவாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள லாஸ் ஏஞ்சல்ஸுக்கு! பழி யாருடையது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. இருவருமே பிடிவாதக்காரர்கள் என்பது நமது அபிப்பிராயம். ஊராரை யாரும் கேட்கவில்லை. கோஷ்டி அவர்களுடைய பிராணனாயிருக்கலாம், பத்திரத்தில் இருந்தது ஓமாலியின் பெயர்தானே?

1957 செப்டம்பர் 24-ந் தேதி நடந்த கடைசி ஆட்டத்துக்கு வந்தவர்கள் 6,702 பேர். 1960 பிப்ரவரி 23-ந் தேதி இடிக்கும் வேலை ஆரம்பமாயிற்று. இடிக்கும் இரும்புக் குண்டுக்கு வெள்ளை பூசி, சிவப்புத் தையல் தீட்டி, பேஸ்பாலைப் போலவே அலங்கரித்திருந்தார்கள். யாருக்கு உதித்த யோசனையோ! மோட்டார் விபத்தில் உடல் முடங்கிய காம்பனெல்லா சக்கர நாற்காலியில் அமர்ந்து அதைப் பார்த்தார். 1964-ல் அதே குண்டு, நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தையும் இடித்துத் தள்ளியது.

எப்பெட்ஸ் மைதானத்தின் இடத்தில் 1962-ல் 1,300 வீடுகளுக்கு மேற்பட்ட மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. அங்கே, "பந்து விளையாடக் கூடாது" என்று ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். ஓமாலி வேண்டாமென்ற பிளஷிங் மெடோஸில் மெட்ஸ் என்ற வேறொரு கோஷ்டி குடியேறியது. 2009-ல் அது கட்டிய புது மைதானத்தின் முகப்பு எப்பெட்ஸ் மைதானத்தின் சாயலில் அமைந்தது; வாசல் மண்டபத்துக்கு ஜாக்கி ராபின்ஸனின் பெயரை வைத்திருக்கிறார்கள்.