உதிரத்துக்குள் ஓர் ஏற்றம்

தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்தவர்களுக்கு மதகின் மகிமையை எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ? வயலில் ஜலம் மிகுந்தால் நாற்று அழுகும், குறைந்தால் கருகும். நம் உதிரத்திலும் இதே விவகாரந்தான் நடைபெறுகிறது.

ஒவ்வொரு சிவப்பு அணுவும் மெல்லிய சவ்வினால் வரப்புக் கட்டிய சிறு வயலாகும். அதனுள்ளே பொட்டாஸியம் அதிகம். வெளியே ஸோடியம் அதிகம். வெளியிலுள்ள ஸோடியம் ஓயாமல் உள்ளே கசிகிறது. அப்படியே விட்டுவிட்டால் ஜலமும் பின்தொடர்ந்து, அணு ஊதி வெடித்துவிடும். ஆகையால் சவ்வில் ஓர் ஏற்றம் இரவு பகலாக இறைக்கிறது. ஒவ்வோர் இறைப்புக்கும் மூன்று ஸோடியம் வெளியே, இரண்டு பொட்டாஸியம் உள்ளே! 1957-ல் டென்மார்க் தேசத்து ஸ்கோ, நண்டின் நரம்பில் இவ்வேற்றத்தைக் கண்டறிந்தார்.

ஏற்றம் இறைப்பதற்குக் கூலி வேண்டாமா? ஏ.டி.பி. என்னும் சக்திப் பொருளே அக்கூலி. 1929-ல் அதைக் கண்டவர்களில் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ் என்பது நமக்குப் பெருமையல்லவா?

மதகு பழுதானால் என்ன ஆகும்? நீலகிரி மலைவாசிகளிடையே 1952-ல் அறியப்பட்ட அரிவாள் அணுக் குறையே அதற்குச் சாட்சி. அந்நோயின் மூலம் ஹீமோகுளோபினில் உள்ள பிழை. அதனால் சவ்வு சிதைந்து, பொட்டாஸிய மதகு திறந்துகொள்ள, ஜலமும் வெளியேறுகிறது. அணு வற்ற வற்ற ஹீமோகுளோபின் மேலும் இறுகி, அணு அரிவாளாய் வளைந்து நுண்ணிய நாளங்களை அடைக்கிறது. பொறுக்கவொண்ணாத வேதனை!

‘தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள்’ என்று நோயாளிகளுக்கு வைத்தியர்கள் சொல்வது அதனாலேதான். வறண்ட வயலைக் கண்டு கலங்கிய நமக்கு, இதன் பொருள் விளங்காமற் போகுமா?