தொட்டி வாங்கிய அன்றே மீன் வாங்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலை தொட்டி, கூழாங்கல், ஏர் பம்ப், பத்துப் பன்னிரண்டு கலர் மீன் என எல்லாமே ஒன்றாக வீட்டுக்கு வருகின்றன. செவ்வாய்க்கிழமை தண்ணீர் அரிசி களைந்த நீரைப் போலக் கலங்குகிறது. வியாழக்கிழமை மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. அடுத்த ஞாயிறு வருவதற்குள் பாதிக்கு மேல் செத்துப்போகின்றன. துவாக்குடியிலும் பெல் குடியிருப்பிலும் திருவெறும்பூரிலும் புதிதாகத் தொட்டி வைக்கிற வீடுகளில் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாங்கியதாக இருக்கும், புதுமனை புகுவிழாவுக்கு வாஸ்து என்று வைத்ததாக இருக்கும். முடிவு மட்டும் மாறுவதில்லை.

செத்த பிறகு சொல்லப்படும் காரணங்கள்தான் எனக்கு ஆத்திரமூட்டுகின்றன. "வீட்டுக்கு வரவிருந்த கெடுதலை மீன் வாங்கிக்கொண்டது" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். "இந்த மீனுக்கு ஆயுசே அவ்வளவுதான், வேற தர்றேன்" என்று கடைக்காரர் சொல்கிறார். இரண்டுமே பொய். கோல்ட் ஃபிஷ் ஒழுங்காக வளர்த்தால் பத்து ஆண்டுக்கு மேல் வாழும். உங்கள் மீன் திருஷ்டியாலும் சாகவில்லை, ஆயுள் முடிந்தும் சாகவில்லை. அம்மோனியா விஷத்தால் செத்தது. மறுபடி அதே கடையில் அதே தொட்டிக்குப் பத்து மீன் வாங்கிவந்து விட்டால் அவையும் அதே விஷத்தால்தான் சாகும்.

மீனின் செவுளும் கழிவும் மிச்ச இரையும் ஓயாமல் அம்மோனியாவை வெளியிடுகின்றன. ஆற்றிலும் குளத்திலும் அதைத் தின்று நைட்ரைட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் உண்டு. நைட்ரைட்டும் மீனுக்கு விஷம், அது ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கும். அந்த நைட்ரைட்டை இன்னொரு வகைப் பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் அவ்வளவு ஆபத்தில்லை, வாராவாரம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். ரஷ்ய விஞ்ஞானி வினோகிராத்ஸ்கி 1890 வாக்கிலேயே இந்தப் பாக்டீரியாக்களைப் பிரித்துக் காட்டிவிட்டார். புதுத் தொட்டியில் இவை இல்லை, அவ்வளவுதான் சங்கதி. ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் இவை குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அந்தக் குடியேற்றத்தை மீன் இல்லாமலே முடித்துக்கொள்வதைத்தான் மீன் வளர்ப்போர் சைக்கிளிங் என்கிறார்கள்.

நம் ஊரில் இது கூடுதல் அவசரம். அம்மோனியாவின் விஷம் தண்ணீரின் பி.எச். அளவையும் சூட்டையும் பொறுத்தது. 30 டிகிரித் தண்ணீரில் பி.எச். 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவே கொல்லும் வடிவத்தில் இருக்கும். பி.எச். 8 ஆனால் ஏழெட்டு சதவீதம், 8.5 ஆனால் இருபது சதவீதம். திருச்சிக் கோடையில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். உப்பும் சுண்ணாம்பும் ஏறிய போர் தண்ணீர் பல வீடுகளில் பி.எச். எட்டை ஒட்டி நிற்கும். போதாக்குறைக்கு, சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவு. குளிர்நாட்டுக்காரர் தொட்டியில் நோய்வாய்ப்பட்டுத் தப்பிக்கும் மீன் இங்கே தப்பாது.

ஆகவே முதல் வேலை, உங்கள் வீட்டுத் தண்ணீர் என்ன என்று தெரிந்துகொள்வது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்குத் திருச்சியில் மாவட்ட நீர்ப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. கட்டணம் செலுத்தித் தனிநபரும் தண்ணீர் கொடுக்கலாம். இரண்டு லிட்டர் கொள்ளும் சுத்தமான பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரால் மூன்று முறை அலசுங்கள். மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, மேல்நிலைத் தொட்டியில் பிடிக்காமல் போர் குழாயிலேயே நேராகப் பிடியுங்கள். கேனின் மேல் பெயர், தெரு, எந்த ஆதாரம், பிடித்த தேதி, நேரம் எழுதி ஒட்டி, அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். வேதியியல் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். பி.எச்., காரத்தன்மை, மொத்தக் கடினத்தன்மை, அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் ஆகிய ஆறும் அறிக்கையில் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

போர் தண்ணீர் அறிக்கையிலேயே அம்மோனியாவும் நைட்ரைட்டும் இருந்தால் மீன் தொட்டியை மறந்துவிடுங்கள். பக்கத்துக் கழிவுநீர்த் தொட்டி உங்கள் போருக்குள் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி அம்மோனியா லிட்டருக்கு 0.5 மில்லிகிராமையும் நைட்ரேட் 45 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. நைட்ரேட் மிகுந்த தண்ணீரில் பால் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தைக்கு ரத்தத்தில் நேரும் கேடும், நைட்ரைட்டால் மீனுக்கு நேரும் கேடும் ஒன்றேதான். அறிக்கையின் நகலோடு துவாக்குடி நகராட்சி ஆணையருக்கு மனு எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்தால் அந்த வார்த்தை அந்த மேசையோடு போய்விடும்.

நகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால் பிரச்சினை வேறு. அதில் குளோரின் இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆனால் கிருமியைக் கொல்லும் குளோரின் நமக்கு வேண்டிய பாக்டீரியாவையும் கொல்லும். அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்துவைத்து ஏர் பம்ப் ஓடவிட்டால் குளோரின் போய்விடும். அவசரத்துக்குக் கடையில் விற்கும் ஆன்டி-குளோரின் சொட்டு மருந்து போதும். ஆர்.ஓ. தண்ணீரையும் கேன் தண்ணீரையும் தொட்டிக்கு ஊற்றாதீர்கள். பாக்டீரியா வேலை செய்யத் தண்ணீரில் காரத்தன்மை வேண்டும், ஆர்.ஓ. அதைப் பெரும்பாலும் எடுத்துவிடுகிறது.

இனி சைக்கிளிங். கல், ஃபில்டர், தண்ணீர் எல்லாம் வைத்து ஃபில்டரை இரவு பகல் ஓடவிடுங்கள். விளக்கு வேண்டாம், பாசிதான் வளரும். மீனுக்குப் பதில் அம்மோனியாவை நாமே கொடுக்க வேண்டும். அதற்கு அம்மோனியம் குளோரைடு போதும், பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் பயன்படுத்தும் நவச்சாரம்தான் அது. நாட்டு மருந்துக் கடைக் கட்டியில் என்னென்ன கலந்திருக்குமோ, எனவே ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் தூய்மையான பொடியாகக் கேட்டு வாங்குங்கள். 10 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துப் பாட்டிலில் பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். பிளீச்சிங் பவுடர் பக்கமே கொண்டுபோகாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் நச்சுப் புகை வரும். இந்தக் கரைசலில் தொட்டியின் ஒவ்வொரு 10 லிட்டருக்கும் 6 மில்லி ஊற்றினால் அம்மோனியா ஏறத்தாழ 2 பி.பி.எம். ஆகும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி விளிம்புவரை 56 லிட்டர் பிடிக்கும். கல்லும் மேல்வெளியும் போகச் சுமார் 45 லிட்டர் என்று கொண்டால் 27 மில்லி. அதற்கு மேல் ஊற்றினால் வேகம் கூடும் என்று நினைக்காதீர்கள், அளவு மிஞ்சினால் பாக்டீரியாவே முடங்கும்.

சொட்டு விட்டு நிறம் பார்க்கும் டெஸ்ட் கிட் கட்டாயம் வேண்டும். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். நான்கும் உள்ளதாக வாங்குங்கள். கிட் விலையைக் கேட்டுத் தயங்குவோர், மூன்று முறை செத்த மீன்களின் விலையைக் கூட்டிப் பாருங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் பார்த்து நோட்டில் தேதியோடு எழுதுங்கள். முதலில் அம்மோனியா அசையாமல் நிற்கும். ஓரிரு வாரத்தில் இறங்கத் தொடங்கும், நைட்ரைட் ஏறும். அம்மோனியா அரை பி.பி.எம்.முக்குக் கீழே வரும்போதெல்லாம் பாதி அளவு கரைசல் ஊற்றுங்கள். நைட்ரைட்டின் நிறம் அட்டையின் கடைசிக் கட்டத்தைத் தொட்டு அங்கேயே நின்றால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். பெரும்பாலோர் பொறுமை இழப்பது இந்தக் கட்டத்தில்தான். "அம்மோனியா பூஜ்யமாகிவிட்டதே" என்று மீனை விட்டுவிடுகிறார்கள். நைட்ரைட் பூஜ்யமாகாமல் மீன் விடாதீர்கள். மறுபடி சொல்கிறேன், அம்மோனியா மட்டும் இறங்கினால் போதாது, நைட்ரைட்டும் பூஜ்யமாக வேண்டும்.

முழு அளவு கரைசல் ஊற்றி, 24 மணி நேரத்தில் இரண்டும் பூஜ்யம் காட்டி, நைட்ரேட் மட்டும் ஏறியிருந்தால் தொட்டி தயார். முக்கால்வாசித் தண்ணீரைக் குளோரின் போக்கிய தண்ணீரால் மாற்றிவிட்டு அன்றோ மறுநாளோ மீன் விடலாம். நினைத்ததில் பாதி எண்ணிக்கையை முதலில் விட்டு, இரண்டு வாரம் கழித்து மீதியை விடுங்கள். இடையில் ஊருக்குப் போகிறோம், அடுத்த மாதம்தான் மீன் என்றால் அதுவரை கரைசல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பட்டினி போட்டால் பாக்டீரியா சுருங்கிவிடும்.

ஆறு வாரம் காத்திருக்க முடியாதவர்களுக்கு நேர்மையான குறுக்குவழி ஒன்று உண்டு. நோயில்லாமல் பல மாதம் ஓடும் தொட்டியிலிருந்து ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டை ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் வையுங்கள். ஓரிரு வாரத்தில் தொட்டி தயாராகலாம், டெஸ்ட் செய்துதான் முடிவு. பாட்டில் பாக்டீரியாவை மட்டும் நம்பி மீனை விடாதீர்கள். வெயில் அடிக்கும் கடை அலமாரியில் மாதக்கணக்கில் நின்ற பாட்டிலுக்குள் என்ன உயிரோடிருக்கும்?

தயாரான தொட்டியையும் ஒரே நாளில் பாழாக்குவோர் இருக்கிறார்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து வெள்ளை வெளேரென்று கழுவி வைப்பார்கள். ஆறு வாரப் பாக்டீரியா அத்தோடு சாக்கடையில். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் மட்டுமே லேசாக அலசுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்வாரியம் பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்தும் நாளும் ஆபத்துதான், நீரோட்டம் நின்றால் பஞ்சுக்குள் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கிவைத்து, செய்தித்தாளில் மின்தடை அறிவிப்பில் துவாக்குடி பெயர் வந்தால் முந்தைய நாளே சார்ஜ் போடுங்கள். வயர் எதுவானாலும் பிளக்கை விடத் தாழத் தொங்கி மேலேறட்டும், அப்போதுதான் வழியும் நீர் பிளக்குக்குப் போகாமல் கீழே சொட்டும். தொட்டிக்குள் கை விடும் முன் எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள்.

ஏற்கெனவே மீனை விட்டுவிட்டீர்களா? இரையை இரண்டு நாளுக்கு ஒருமுறை சிட்டிகையாகக் குறையுங்கள். தினமும் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதித் தண்ணீர் வரை மாற்றுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சேர்ந்து அரை பி.பி.எம்.மைத் தாண்டவிடாதீர்கள். நைட்ரைட் ஏறினால் லிட்டருக்கு ஒரு கிராம் அயோடின் சேர்க்காத கல்லுப்பு, கரைத்து ஊற்றுங்கள். வளர்க்க முடியவில்லை என்று காவிரியிலோ உய்யக்கொண்டான் வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். டேங்க் கிளீனர் என்று விற்கும் மீன் தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகி நாட்டு மீனின் இடத்தைப் பிடித்ததற்கு இப்படிக் கொட்டியதும் ஒரு காரணம். கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? மீன் தொட்டிக் கடைகளுக்கென்றே மத்திய அரசு 2017இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் விதிகளை வெளியிட்டது, பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டது. 2018இன் செல்லப்பிராணிக் கடை விதிகள் நாய், பூனை, முயல், பறவைகளைச் சொல்கின்றன, மீனைச் சொல்லவில்லை. உயிரை விற்கிற கடைக்கு இத்தனை காலம் தனி விதி இல்லாதது அதிகாரிகளின் அசட்டை. ஆனாலும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 உங்கள் கையில் இருக்கிறது. பில் தராமல் இருப்பதே அந்தச் சட்டப்படி முறையற்ற வணிகம். குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு குறிப்பிடவில்லை என்றால் 30 நாள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற அச்சு வரியைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம்.

பில்லில் கடைப் பெயர், தேதி, மீன் வகை, எண்ணிக்கை, விலை தனித்தனியாக இருக்கட்டும். "இன்னைக்கே மீன் விடலாம்" என்று கடைக்காரர் சொன்னால், அதை பில்லின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் போடமாட்டார், உங்களுக்கு வேண்டிய பதில் அதிலேயே கிடைத்துவிடும். நூறு ரூபாய் கப்பிக்காக யாரும் வழக்குப் போடப்போவதில்லை. ஆனால் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு தொட்டி அமைத்து, அன்றே மீனும் விட்டுக் கொடுத்துவிட்டுப் போகும் சேவைக்காரர் விஷயம் வேறு. அது சேவைக் குறைபாடு. முதலில் கடைக்குப் பதிவுத் தபாலில் கடிதம், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இணையத்தில் இ-ஜாக்ரிதி தளத்திலும் தாக்கல் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். சென்னைக் கொளத்தூர்க் கடையில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். மனுவோடு பில் நகல், கடித நகல், தபால் ரசீது, தேதி தெரியும் புகைப்படங்கள், டெஸ்ட் அளவுகள் எழுதிய அந்த நோட்டு ஆகியவற்றை இணையுங்கள். நோட்டில் முதல் நாள் அளவு எழுதியிருக்க வேண்டும். மீன் செத்த பிறகு எடுத்த அளவை மட்டும் காட்டினால், இரையை அள்ளிக் கொட்டியது நீங்கள்தான் என்று எதிர்த்தரப்பு சுலபமாகச் சொல்லிவிடும்.