உண்ணாமலே ஏறும் சர்க்கரை

நீரிழிவு நோயாளி ஒருவர் இரவு படுக்குமுன் இரத்தத்தைச் சோதிக்கிறார். 100 மில்லிலிட்டரில் 130 மில்லிகிராம் சர்க்கரை இருக்கிறது. காலையில் எழுந்ததும் மீண்டும் பார்க்கிறார், 180! "ராத்திரி யாருக்கும் தெரியாமல் என்ன தின்றீர்கள்?" என்கின்றனர் வீட்டார். அவரோ தண்ணீரைத் தவிர வேறொன்றையும் தொடவில்லை. அப்படியானால் இந்தச் சர்க்கரை எங்கிருந்து வந்தது?

கல்லீரலிலிருந்து வந்தது. நாம் உறங்கும்போதும் மூளைக்கு ஓயாமல் குளுக்கோஸ் வேண்டும். நம் உடலிலுள்ள ஐந்து லிட்டர் இரத்தத்தில் சாதாரணமாக இருப்பதோ ஐந்து கிராம் குளுக்கோஸ்தான். ஒரு தேக்கரண்டி அளவு! ஆகவே கல்லீரல் இரவெல்லாம் மணிக்கு ஏறத்தாழ ஏழு கிராம் வீதம் அதை இரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கிறது. தொட்டிக்குள் வரும் நீரும் வெளியேறும் நீரும் சமமாக இருந்தால் மட்டம் மாறாது. சிறு தொட்டியாயின், வரவு சற்று மிகுந்தாலும் மட்டம் விரைவில் உயரும்.

விடியற்காலையில் நிகழ்வது இதுவே. இரவில் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோனும், விடியலை ஒட்டிப் பெருகும் கார்டிசாலும் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. கல்லீரலிலிருந்து வரவு கூடுகிறது. நலமுள்ளவரின் கணையம் சற்று அதிகமாக இன்சுலினைச் சுரந்து ஈடுசெய்துவிடும். நீரிழிவு உள்ளவருக்கு அது இயலாது. இதனை 'விடியல் நிகழ்வு' என்பர்.

வேறு காரணங்களும் உண்டு. இரவு உணவு தாமதமாகியோ மிகுந்தோ இருக்கலாம். மாலையில் எடுத்த மருந்தின் வேகம் விடியுமுன் தீர்ந்திருக்கலாம். நள்ளிரவில் சர்க்கரை மிகத் தாழ்வதால்தான் காலையில் எகிறுகிறது என்று மைக்கேல் சோமோகி என்ற அறிஞர் முன்பு கருதினார். சர்க்கரையை இடைவிடாது அளக்கும் கருவிகள் வந்தபின், இரவில் தாழ்ந்தவருக்குக் காலையிலும் பெரும்பாலும் தாழ்ந்தே இருப்பது தெரியவந்தது.

புறப்பட்ட இடமும் சேர்ந்த இடமும் தெரிந்தால் மட்டும் சென்ற பாதை தெரிந்துவிடாது என்று பௌதிக வகுப்பில் சொல்வேன். இங்கும் அப்படியே. சில நாள்கள் படுக்குமுன், அதிகாலை 3 மணிக்கு, விழித்ததும் என மும்முறை அளந்து குறித்து வையுங்கள். படுக்கும்போதே மிகுந்திருந்தால் இரவு உணவைக் கவனியுங்கள். 3 மணி வரை சீராக இருந்து பிறகு ஏறினால் அது பெரும்பாலும் விடியல் நிகழ்வு. 3 மணிக்கு 70-க்குக் கீழே இருந்தால் உடனே ஏதேனும் இனிப்பு உண்டு, மறுநாளே மருத்துவரிடம் கூறுங்கள். மருந்து மிகுதியாக இருக்கலாம்.

இரவு உணவை நேரத்தோடு முடிப்பதும், பின்பு சிறிது நடப்பதும் எல்லோருக்கும் நன்று. ஆனால் காலைக் கணக்கைக் கண்டு அஞ்சி, மருந்து எடுப்பவர் இரவில் பட்டினி கிடக்கலாகாது. தாமாக மருந்தின் அளவைக் கூட்டவும் கூடாது. உறக்கத்தில் சர்க்கரை தாழ்வது உயிருக்கே ஆபத்து. மருந்தை மாற்ற வேண்டியவர் மருத்துவர். அவருக்கு வழிகாட்டப்போவது உங்கள் குறிப்பேடு. அதை வீட்டாரிடமும் காட்டுங்கள். தின்னாத பண்டத்திற்கு ஏன் திட்டு வாங்க வேண்டும்?