பங்குனிச் சேறு

செஞ்சிக் கோட்டைக்கு பைனாகுலரும் கழுத்துமாக வரும் சிலருக்கு ராஜகிரி உச்சியில் அக்கறையே இருக்காது. அடிவாரத்துப் பாறைப் புதர்களிலேயே காலைப் பொழுதைக் கழித்துவிட்டுத் திரும்புவார்கள். அவர்கள் தேடி வருவது மஞ்சள்தொண்டைச் சின்னானை. தென்னிந்தியப் பாறைக் குன்றுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை. ஊர்ப் பாசம் மிகுந்தது; குன்றை விட்டுப் போகாது. செஞ்சிக்காரன் என்ற முறையில் அதன்மேல் எனக்குப் பெருமை உண்டு. ஆனாலும் மாசி முடிந்து பங்குனி பிறந்துவிட்டால் அதை மறந்து என் மனம் கிழக்கே ஓடிவிடும். விடியுமுன் பஸ் ஏறித் திண்டிவனம், அங்கே ஒரு டீ, பிறகு மரக்காணம் வண்டி. பாறை நாடு முடிந்து சேற்று நாடு வந்துவிடும். இரண்டும் ஒரே விழுப்புரம் மாவட்டம்தான்.

சேற்று நாட்டுக்குப் பெயர் கழுவேலி. கழுவெளி, களிவேலி என்று பலகைக்குப் பலகை எழுத்து மாறும். கழியும் வெளியும் சேர்ந்த ‘கழிவெளி’தான் நாக்கில் புரண்டு இப்படி ஆகியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. திண்டிவனம், வானூர்ப் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்தால் அந்த நீர் இங்கே வந்து தேங்கும். மறுபுறம் உப்புக்கழி ஓடை வழியாகவும் இடையன்திட்டு முகத்துவாரம் வழியாகவும் கடல் உள்ளே வரும். ஒரு முனையில் நல்ல தண்ணீர், மறு முனையில் உப்பு, நடுவே இரண்டும் கெட்டான். அந்த இரண்டும் கெட்டான் நீருக்குத்தான் அத்தனை உயிர்களும் கூடுகின்றன. 2021 டிசம்பரில் இது பறவைகள் சரணாலயமானது; தமிழ்நாட்டில் 16ஆவது. 2024 ஆகஸ்டில் திருப்பூர் நஞ்சராயன் குளத்தோடு சேர்ந்து ராம்சர் பட்டியலில் ஏறியது. பரப்பு 5,151 எக்டேருக்கும் மேல்.

இங்கே வருபவர்கள் மார்கழியிலும் தையிலும் வருகிறார்கள். அப்போது தண்ணீர் நிறைந்திருக்கும், வெயில் உறைக்காது, பூநாரைக் கூட்டம் போட்டோவுக்கு வாகாக நிற்கும். பங்குனியில் போகிறேன் என்றால் “வத்திப்போயிருக்குமே, அங்க என்ன இருக்கு?” என்று கேட்பார்கள். வற்றினால்தானே சேறு வெளியே வரும்! நீர் பின்வாங்கப் பின்வாங்க, ஓரத்தில் ஈரம் மின்னும் களிமண் பட்டை ஒன்று நாளுக்கு நாள் உள்ளே நகர்ந்துகொண்டே போகும். புழு, நத்தை, பொடி நண்டு எல்லாம் அந்தப் பட்டைக்குள்தான். உள்ளான்களுக்கு அதுதான் பந்தி.

பந்தியில் யாரும் யார் இலையிலும் கை வைப்பதில்லை. காரணம் அலகின் நீளம். இரண்டு செ.மீ.கூட இல்லாத அலகோடு கொசு உள்ளான் மேற்பரப்பைத் தையல் மிஷின் போலக் குத்திக்கொண்டே ஓடும். வளைமூக்கு உள்ளான் அதற்கு ஒரு படி கீழே. கருவால் மூக்கன் தன் நீண்ட அலகை முகம் வரை புதைத்து ஆழத்தில் இருப்பதை இழுக்கும். அலகின் நுனியில் நுண்ணிய உணர்வு முனைகள் உண்டு. கண்ணால் பார்க்காமலே இரையை அறியும். சேற்றுக்குள் முழு வாயையும் திறக்க முடியாதல்லவா? நுனியை மட்டும் திறந்து கவ்வுகிற வித்தையும் இவற்றுக்குத் தெரியும்.

பங்குனிக்கு இன்னொரு லாபம், நிறம். மார்கழியில் உள்ளான்கள் எல்லாமே சாம்பல். எது எது என்று பிரித்துச் சொல்வதற்குள் அனுபவசாலிக்கே வியர்த்துவிடும். மார்ச் நடுவிலிருந்து ஒவ்வொன்றாகச் சட்டை மாற்றும். வளைமூக்கு உள்ளானின் வயிற்றில் முதலில் செங்கல் நிறத்தில் நாலு திட்டு, ஒட்டுப்போட்ட துணி போல. ஏப்ரலில் உடம்பு முழுக்கச் செங்கல். கருவால் மூக்கனின் கழுத்தில் துரு ஏறும். பொன்னிற உப்புக்கொத்திக்கு அடிவயிறு கறுக்கும். மீசை ஆலாவும் வயிறு கறுத்துக் கறுப்புத் தொப்பியோடு அலையும். கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிறவர்களின் அவசரம் அது. கல்யாணம் நடப்பது வெகு தூரத்தில். வளைமூக்கு உள்ளான் முட்டையிடுவது சைபீரியாவின் வடகோடியில், தைமிர் தீபகற்பத்தை ஒட்டிய பனிச் சமவெளியில். மரக்காணத்திலிருந்து ஏறத்தாழ 7,000 கி.மீ.

முப்பது கிராம்கூட இல்லாத கொசு உள்ளானும் அந்தப் பக்கம்தான் போகிறது. பயணத்துக்கு முன் இவை தின்று தின்று கொழுப்பை ஏற்றிக்கொள்கின்றன. நெடுந்தூரம் நிற்காமல் பறக்கும் மூக்கன்கள் இன்னும் ஒரு படி மேலே. கிளம்பும் நேரத்தில் இரைப்பையும் குடலும் சுருங்கிவிடும். பறக்கிறபோது சாப்பாடு இல்லை, சமையலறைக்கு எதற்கு இடம்? 2022இல் பிறந்து ஐந்தே மாதமான பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவில் கிளம்பி டாஸ்மேனியாவில் இறங்கியது. 11 நாளில் 13,560 கி.மீ., நடுவில் எங்கும் தரை தொடவில்லை. நம் உள்ளான்கள் அப்படி ஒரே மூச்சில் போவதில்லை. நடுநடுவே இறங்கித் தின்று போகின்றன. அதனால் நடுவழிச் சேறு ஒன்று காணாமல் போனாலும் கணக்கு உதைக்கும். தென்கொரியாவில் சேமன்கும் என்ற இடத்தில் 33 கி.மீ. கடல்சுவர் எழுப்பி 2006இல் அலையை மறித்தார்கள். அங்கே இரை தேடிய ‘பெரிய உள்ளான்’ என்ற இனத்துப் பறவைகள் பக்கத்துக் கடற்கரைகளுக்கு இடம் மாறிப் பிழைத்துக்கொள்ளவில்லை. அந்த இனத்தின் எண்ணிக்கையே சரிந்தது.

நம் சேற்றுக்கு அவ்வளவு பெரிய சுவர் தேவைப்படாது. ஓரத்தில் ஒரு இறால் பண்ணை, கரையேறும் வேலிக்காத்தான், வரப்பை வருஷத்துக்கு ஒரு முழம் தள்ளிப்போடும் கை, இவையே போதும். வற்றிக் கிடக்கும் நிலத்தைப் பார்த்தால் ‘சும்மா கிடக்கு’ என்று தோன்றுகிற நம் கண்தான் முதல் எதிரி. நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் பெரும்பாலும் சனவரியை ஒட்டியே நடக்கிறது. பங்குனிக்கும் ஒன்று வைத்தால் நல்லது.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் நின்று மேற்கே பாருங்கள், காலை வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும். ஒன்பது மணிக்குமேல் கானல் எழும்பி எல்லாப் பறவையும் நெளிய ஆரம்பிக்கும். அப்போது முகத்துவாரத்தைத் தாண்டி வடக்கே ஆலம்பரைக் கோட்டைக்குப் போய்விடுவேன். செஞ்சிக்காரனுக்கு அது ஒருவகையில் உறவு. 1750இல் இரண்டு கோட்டையும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன; 1760இல் ஆங்கிலேயர் ஆலம்பரையை இடித்தார்கள், மறு வருஷம் செஞ்சியும் அவர்கள் வசமானது. எங்கள் கோட்டை 2025இல் உலகப் பாரம்பரியப் பட்டியலுக்குப் போயாயிற்று. ஆலம்பரையில் மிச்சமிருப்பது உடைந்த செங்கல் சுவர். அதன் நிழலில் உட்கார்ந்தால் கழியும் மணல்திட்டும் ஆலாக்களும் தெரியும். டிக்கெட் வரிசை கிடையாது.

மாலையில் திரும்பும்போது மரக்காணம் உப்பளம். பறவைகள் கிளம்பும் நேரம்தான் உப்புக்கு மும்முரம். பாத்தி வரப்பில் நெடுங்கால் உள்ளான்கள் நின்றிருந்தன. இவை எங்கும் போவதில்லை. வெயில் ஏறினதும் இங்கேயே கூடு கட்டும். உப்பு வாரிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் என் பைனாகுலரைப் பார்த்துவிட்டு, “இன்னா சார், குருவி எண்றீங்களா?” என்றார். ஆமாம், இந்த நெடுங்காலைத் தவிர மற்றதெல்லாம் இன்னும் கொஞ்ச நாளில் ரஷ்யாவுக்குப் போய்விடும் என்றேன்.

“போவட்டும். ஐப்பசில மழ புடிச்சி நாங்க வூட்ல குந்தினு இருக்க சொல்ல, திரும்பி வந்து இந்தப் பாத்தியிலதான் மேயும். நாங்க எறங்குனா அதுங்க கெளம்பும். அதுங்களுக்கும் எங்களுக்கும் ஷிப்டு” என்று சொல்லிவிட்டு வாரியைப் பிடித்தார்.

பொழுது சாயும் நேரம், கழிப்பக்கம் ஒரு கூட்டம் எழும்பியது. சுற்றியது, இன்னொரு சுற்று, உயரே, இன்னும் உயரே. இறங்கும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். இறங்கவில்லை. திண்டிவனம் பஸ்ஸையும் விட்டுவிட்டேன்.