டியூடர் குடும்பத்தின் பனிக்கட்டி வாணிக ஏடுகள்

வணிகக் குடும்பங்களின் கணக்கேடுகளை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே இன்னும் நன்கு வேரூன்றவில்லை. கல்வெட்டிற்கும் செப்பேட்டிற்கும் தரும் மதிப்பினைப் பேரேட்டிற்கும் கடிதக் கட்டிற்கும் நாம் தருவதில்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பினையும் அரசியற் செய்திக்காகப் புரட்டுவோரே பலர். அதனுள் இருக்கும் வணிகனைத் தேடுவோர் சிலரே. கடல்வாணிக ஏடுகளை யாங்ஙனம் பயிலல் வேண்டும் என்பதற்குச் சென்னையோடும் தொடர்புடைய பாஸ்டன் நகரத்து டியூடர் நிறுவனத்தின் ஆவணங்கள் தக்க சான்றாகும். அவை ஆர்வர்டு பல்கலைக்கழக வணிகப் பள்ளியின் பேக்கர் நூலகத்தில் உள்ளன.

பிரெடரிக் டியூடர் (1783-1864) 1805 ஆகஸ்டு முதல் நாளன்று ஒரு நாட்குறிப்பினைத் தொடங்கினார். தமையன் வில்லியமும் தாமும் வெப்பநாடுகளுக்குப் பனிக்கட்டி அனுப்பத் துணிந்தமையே அதன் தொடக்கச் செய்தி. அச்சரக்கினை ஏற்றக் கப்பலுடையார் இசையாமையின், 'ஃபேவரிட்' என்னும் பாய்க்கப்பலை விலைக்கு வாங்கி, 1806 பிப்ரவரியில் மார்த்தினீக்குத் தீவிற்குப் புறப்பட்டார். ஆங்குச் சேமிப்புக் கட்டடம் இன்மையால் சரக்கு கரைந்தது. சில ஆயிரம் டாலர் இழப்பு நேர்ந்தது. பின்னாளில் அவர் கடனுக்காகச் சிறைப்பட்டதும் உண்டு.

எனினும், இவ்வாணிகத்தைப் பித்தர் ஒருவரின் பிடிவாதம் எனக் கோடல் பொருந்தாது. பாஸ்டன் வணிகர் இந்தியச் சரக்குகளைப் பெரிதும் விரும்பினர். ஆயின், இந்தியாவிற்கு அனுப்பத்தக்க சரக்கு அவர்களிடம் குறைவு. ஆகவே, கப்பல் நிலைபெறக் கல் முதலியவற்றை அடிப்பாரமாக இட்டுச் செல்ல வேண்டியிருந்தது. அக்கல்லின் இடத்தைப் பனிக்கட்டி பெற்றதே கணக்கின் உயிர்நிலை. சரக்குக் கூலி குறைவு. ஏரிநீர் விலையின்றிக் கிடைத்தது. உறையாகப் பயன்பட்ட மரத்தூளோ மரமறுக்கும் பட்டறைகளின் கழிவு. 1825 அளவில் நத்தானியேல் வையத்து அமைத்த, குதிரை பூட்டிய வெட்டுக் கருவியால் வெட்டுகூலியும் குறைந்தது. 1833 மே திங்களில் 'டஸ்கனி' என்னும் கப்பல் 180 டன் ஏற்றிப் புறப்பட்டு, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தபோது ஏறத்தாழ 100 டன் எஞ்சியிருந்தது. செம்பாதிக்குச் சற்றே மிகுதியாக எஞ்சியதும் ஊதியம் தந்தது என்பதே நோக்கற்பாலது.

கல்கத்தா வரவினை மட்டும் தனியே கூட்டிப் பார்ப்பார் இதனை வெற்றிக் கதையாகவே எழுதுவர். அதே காலத்தில் காப்பி வாணிகத்தில் இறங்கிய டியூடர் இரண்டு இலட்சம் டாலருக்கு மேல் இழந்தார். அக்கடனைத் தீர்த்தது இந்தியப் பனிக்கட்டியே. ஓர் ஏட்டின் வரவு மற்றோர் ஏட்டின் செலவினால் விளக்கமுறுவதை இங்குக் காண்கிறோம்.

சென்னைக் கடற்கரையில் 1842-இல் எழுந்த பனிக்கட்டிக் கிடங்கு இவ்வாணிகத்தின் விளைவு. அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. நங்கூரமிட்ட கப்பலினின்று சரக்குகளை அலைகடந்து கொணர்ந்தவை மசூலாப் படகுகள். பனிக்கட்டியும் அவ்வாறே கரை சேர்ந்திருத்தல் வேண்டும். கரைசேர்த்த படகோட்டிகளை முதலாளியின் ஏடு கொண்டு மட்டும் அறிதல் அரிது; அதற்கு உள்ளூர் ஆவணங்களையே நாடல் வேண்டும். இயந்திரப் பனிக்கட்டி வந்தபின் கிடங்கு பயனற்றது. 1897-இல் விவேகானந்தர் தங்கிய அக்கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லம். அப்பகுதியை மக்கள் இன்றும் 'ஐஸ் ஹவுஸ்' என்றே வழங்குவர்.

இலக்கியம் பயில்வார்க்கு மற்றொரு செய்தியும் உண்டு. தோரோவின் 'வால்டன்' (1854) 1846-47 குளிர்காலத்தில் அக்குளத்தில் பனிக்கட்டி வெட்டப்பட்டதை விரித்துரைக்கின்றது. சென்னை, பம்பாய், கல்கத்தா மக்கள் தம் கிணற்று நீரைப் பருகுவதாகவும் ஆசிரியர் எண்ணி மகிழ்கின்றார். அவ்வெண்ணத்தைச் சான்றாக எடுத்தாள்வோர் அவரே தந்த மற்றொரு குறிப்பினை மறந்துவிடுகின்றனர்: பத்தாயிரம் டன் என மதிக்கப்பட்ட அக்குவியலில் ஒரு பகுதியே எடுத்துச் செல்லப்பட்டது, எஞ்சியது 1848 செப்டம்பர் வரை கரையிலேயே கிடந்து உருகியது.